ரயில் சிமுலேட்டரில் நம் பெட்டிகள்: வாசகர் கேள்வி பதில்

கணினி ரயில் விளையாட்டுகளுக்கான எஞ்சின், பெட்டி மாடல்களை உருவாக்குவது பற்றியும், ஏற்கெனவே இருப்பவற்றின் வண்ணத்தை மாற்றுவது பற்றியும் வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எழுதியவர்களில் பெரும்பாலோர் ஓப்பன் ரெயில்ஸ் என்ற ரயில் ஓட்டும் விளையாட்டைப் பயன்படுத்துகிறவர்கள் என்பதால் பதில்களும் அதையொட்டியே அமைந்துள்ளன.

கேள்வி: டபிள்யூ.ஏ.பி-7 மின்சார எஞ்சினை முதலிலிருந்து நானே உருவாக்க விரும்புகிறேன். முப்பரிமாண மாடல் செய்யும் பிளெண்டர் மென்பொருள் ஓரளவு தெரியும். எங்கிருந்து தொடங்குவது? (கல்லூரி மாணவர், ஈரோடு)

உங்கள் ஊர் ஷெட்டின் எஞ்சின் மீது உங்களுக்கு ஆசை இருப்பது இயல்பே. ஆனால் எஞ்சினில் தொடங்க வேண்டாம். முதலில் பிறர் செய்த பெட்டி ஒன்றுக்கு வண்ணம் மாற்றிப் பாருங்கள். அடுத்து ஒரு ஐ.சி.எஃப் பெட்டியை (பெரம்பூர் ஆலையின் பழைய வகைப் பெட்டி) நீங்களே உருவாக்குங்கள். எஞ்சின் அதற்கும் பிறகுதான். டபிள்யூ.ஏ.பி-7இன் உடல் பார்ப்பதற்கு எளிமையான பெட்டி போலத் தோன்றினாலும், அதன் கூரையில் இருக்கும் பான்டோகிராஃப்கள் (மேல் மின்கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் சட்டங்கள்), பீங்கான் இன்சுலேட்டர்கள், மின்கம்பித் துண்டுகள் ஆகியவற்றுக்கே உடல் முழுவதற்கும் ஆகும் உழைப்பைவிட அதிகம் தேவைப்படும். பாதியில் கைவிடப்பட்ட மாடல்கள் பலவும் கூரைக்கு வந்தபோது நின்றவைதாம்.

ஓப்பன் ரெயில்ஸ் இலவச மென்பொருள். 2001இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டருக்காகச் செய்யப்பட்ட கோப்புகளை அப்படியே படிக்கும்படி அது எழுதப்பட்டிருப்பதால், ஒவ்வொரு வண்டியும் இன்றும் அதே பழைய அமைப்பில்தான் இருக்கிறது. முப்பரிமாண உருவம் ஒரு வடிவக் கோப்பில் இருக்கும். அதன் மேல் ஒட்டப்படும் படங்கள் டெக்ஸ்ச்சர் கோப்புகளில் இருக்கும். எடை, நீளம், பிரேக் போன்ற இயக்க விவரங்கள் அனைத்தும் வேகன் கோப்பு அல்லது எஞ்சின் கோப்பு எனப்படும் சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கும். இம்மூன்றும் ஒன்றையொன்று பெயரால் அழைத்துக்கொள்கின்றன என்பது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஐ.சி.எஃப் பெட்டியை முதல் மாடலாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1955இல் பெரம்பூரில் தொடங்கப்பட்ட இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி (ஐ.சி.எஃப்), சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவன வடிவமைப்பை ஒட்டி உருவாக்கிய இந்தப் பெட்டியின் அளவுகள் எளிதில் கிடைக்கின்றன. உடல் நீளம் 21.337 மீட்டர், இரு முனைகளிலும் மோதலைத் தாங்கும் பஃபர்களையும் சேர்த்தால் 22.297 மீட்டர், அகலம் 3.245 மீட்டர், தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து உயரம் 4.025 மீட்டர். இரண்டு போகிகளின் (பெட்டியின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டங்கள்) மையங்களுக்கு இடையே 14.783 மீட்டர், ஒரு போகிக்குள் இரண்டு அச்சுகளுக்கு இடையே 2.896 மீட்டர், புதுச் சக்கரத்தின் விட்டம் 915 மில்லிமீட்டர். இந்த ஏழு எண்களும் சரியாக அமைந்துவிட்டால், வண்ணமே பூசாத சாம்பல் நிற மாடலைப் பார்த்தும் ஒருவர் அது ஐ.சி.எஃப் பெட்டி என்று சொல்லிவிடுவார். அவை தவறினால் எத்தனை அழகாக வண்ணம் பூசினாலும் பொம்மைத்தன்மை போகாது.

புகைப்படத்தை வைத்து அளவெடுக்கும்போது, பக்கவாட்டில் நேர்க்கோணத்தில் தொலைவிலிருந்து எடுத்த படத்தையே பயன்படுத்துங்கள். போகி மையங்களுக்கு இடைப்பட்ட தூரம் சக்கர விட்டத்தைப் போல் ஏறத்தாழ 16 மடங்கு இருக்க வேண்டும். படத்தில் அந்த விகிதம் வரவில்லையென்றால் லென்ஸ் கோணம் அளவைக் கெடுத்திருக்கிறது என்று பொருள்.

கேள்வி: நீல நிற ஐ.சி.எஃப் ஸ்லீப்பர் பெட்டி ஒன்றைப் பழைய செங்காவி நிறத்துக்கு மாற்றினேன். ஆனாலும் 1980களின் பெட்டி போல இல்லை. என்ன குறை? (விழுப்புரம்)

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தோம். நிறத்தில் பெரிய குறையில்லை. நிறத்தைச் சுற்றியுள்ளவை மாறாமல் இருப்பதுதான் உறுத்துகிறது.

முதலாவது பிரேக். வேக்குவம் (வெற்றிட) பிரேக் கொண்ட பெட்டிகள் செங்காவி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், ஏர் (அழுத்தக் காற்று) பிரேக் பொருத்தப்பட்ட பெட்டிகளை வேறுபடுத்திக் காட்டவே நீல நிறம் வந்தது. 1990களில் அது நாடு முழுவதும் பரவியது. எனவே செங்காவி நிறத்துக்கு மாற்றும் ஒருவர் வேகன் கோப்பைத் திறந்து, பிரேக் வகை என்ற வரியில் ஏர் என்று இருப்பதை வேக்குவம் என்று மாற்ற வேண்டும். இதைச் செய்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கும். அந்த வண்டியை இழுக்கும் எஞ்சினும் வேக்குவம் பிரேக்கை இயக்கக்கூடியதாக இருக்க வேண்டும். டபிள்யூ.டி.எம்-2 டீசல் எஞ்சின் பொருந்தும், டபிள்யூ.ஏ.பி-7 பொருந்தாது. படத்தில் தெரியாத இந்த வேறுபாடு ஓட்டும்போது உடனே தெரியும். வேக்குவம் பிரேக் பிடிப்பதற்கும் விடுவதற்கும் ஆகும் நேரம், நீண்ட வண்டியில் ஓட்டுநரின் பழக்கத்தையே மாற்றிவிடும்.

இரண்டாவது எண். ஐந்திலக்கப் பெட்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் கட்டப்பட்ட ஆண்டைக் குறிக்கும். அடுத்த மூன்று இலக்கங்கள் பெட்டியின் வகையைச் சொல்லும். 201 முதல் 400 வரை ஸ்லீப்பர், 401 முதல் 600 வரை முன்பதிவில்லாத இரண்டாம் வகுப்பு, 051 முதல் 100 வரை இரண்டடுக்கு ஏ.சி., 101 முதல் 150 வரை மூன்றடுக்கு ஏ.சி. உங்கள் செங்காவிப் பெட்டியில் 04 என்று தொடங்கும் எண் அப்படியே நிற்கிறது. 2004இல் கட்டிய பெட்டி 1980களில் ஓடியிருக்க முடியாதல்லவா? இதே தவறு எதிர்த்திசையிலும் நிகழ்கிறது. பெரம்பூரில் கடைசி ஐ.சி.எஃப் வகைப் பெட்டி 2018 ஜனவரியில் வெளிவந்தது. ஆகவே அந்த உடலின் மேல் 20 என்றோ 21 என்றோ தொடங்கும் எண்ணை எழுதுவது பொருந்தாது.

மூன்றாவது அழுக்கு. நீங்கள் முழுப் பெட்டியின் மேலும் ஒரே சீராகப் பழுப்புப் படலம் ஒன்றைப் பரப்பியிருக்கிறீர்கள். உண்மையான பெட்டி அப்படி அழுக்காவதில்லை. கூரை கரும்சாம்பலாகும். போகியும் அடிச்சட்டமும் பிரேக் கட்டைத் தூளால் துருப்பழுப்பாகும். ஜன்னல்களின் கீழ் மூலைகளிலிருந்து மழைநீர் வடிந்த கோடுகள் இறங்கும். நான்கு மூலைகளிலும் கழிப்பறைகள் இருப்பதால் பெட்டியின் இரு முனைகளின் அடிப்பகுதியில் கறை அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் இருக்கும். கதவின் கைப்பிடியைச் சுற்றி வண்ணம் தேய்ந்து பளபளக்கும். அழுக்கைத் தனி லேயரில் வையுங்கள். அடிப்படை வண்ணம், நிழல், எழுத்து, அழுக்கு என்று நான்கு லேயர்களாகக் கோப்பைப் பிரித்து வைத்தவருக்கு இரண்டாவது பெட்டி ஒரு மாலை வேலைதான்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒரே புகைப்படத்திலிருந்து நிறத்தை உறிஞ்சி எடுக்காதீர்கள். பழைய ஃபிலிம் படங்களில் செங்காவி சில சமயம் சாக்லேட் நிறமாகவும் சில சமயம் செங்கல் நிறமாகவும் பதிவாகியிருக்கும். வெயிலிலும் நிழலிலும் எடுத்த பல படங்களை ஒப்பிட்டு ஒரு நடுநிறத்தைத் தேர்ந்துகொண்டு, விளையாட்டில் நண்பகல், மாலை, மேகமூட்டம் ஆகிய மூன்று வெளிச்சங்களிலும் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: பெட்டியின் பக்கத்தில் எழுதிய தமிழ், இந்தி, ஆங்கில எழுத்துகள் மறுபக்கத்தில் கண்ணாடியில் தெரிவது போல் இடவலம் மாறி வருகின்றன. சரியாக வரும் பக்கத்திலும் கிட்டே போனால் எழுத்து கரைந்து தெரிகிறது. (வாசகி, மதுரை)

இவை இரண்டு வெவ்வேறு சிக்கல்கள்.

முதலாவது, நீங்கள் எடுத்துக்கொண்ட மாடலைச் செய்தவர் இடத்தை மிச்சப்படுத்த இரு பக்கங்களுக்கும் ஒரே படத்தைத் திருப்பி ஒட்டியிருக்கிறார். நினைவகம் அரிதாக இருந்த காலத்தில் அது நியாயமான சிக்கனம். டெக்ஸ்ச்சரை எப்படி மாற்றினாலும் இது தீராது. வடிவக் கோப்பில் மறுபக்கத்தின் ஒட்டுமுறையை மாற்ற வேண்டும், அதற்கு மாடலைச் செய்தவரின் மூலக்கோப்பு வேண்டும். அது கிடைக்காதபோது பலர் கையாளும் வழி, பக்கப் படத்திலிருந்து எழுத்துகளை முழுவதும் அழித்துவிட்டு, எழுத்து மட்டும் கொண்ட மெல்லிய பலகைகளைத் தனி மாடலாகச் செய்து, வண்டியின் மேல் சரக்கைக் காட்டுவதற்காக உள்ள வசதியின் வழியாகப் பெட்டியோடு இணைப்பதாகும். உடலிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வெளியே தள்ளி வைத்தால் இரண்டு பரப்புகளும் ஒன்றோடொன்று மினுமினுத்துச் சண்டையிடாது.

இரண்டாவது சிக்கலுக்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். 22.3 மீட்டர் நீளப் பெட்டியை 1024 பிக்சல் அகலப் படத்தில் அடக்கினால் ஒரு மீட்டருக்கு 46 பிக்சல் கிடைக்கும். 10 சென்டிமீட்டர் உயர எழுத்துக்கு ஐந்து பிக்சல்கூடத் தேறாது. ஐந்து பிக்சலில் ‘ழ’வையும் ‘ஞ’வையும் யாராலும் எழுத முடியாது. படத்தை 2048 ஆக்கி, பக்கத்தை நடுவில் வெட்டி இரண்டு வரிசைகளாக ஒன்றன்கீழ் ஒன்று அடுக்கினால் ஒரு மீட்டருக்கு 184 பிக்சல் வரும். அதே எழுத்துக்கு 18 பிக்சல் கிடைக்கும். அப்போது தமிழ் படிக்கும்படி இருக்கும்.

இதற்கு மேல் சுருக்கமுறை குறுக்கிடுகிறது. டி.எக்ஸ்.டி எனப்படும் சுருக்கம் படத்தை நான்குக்கு நான்கு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு முதன்மை நிறங்களையும் அவற்றுக்கு இடைப்பட்ட நிறங்களையும் மட்டுமே வைத்துக்கொள்கிறது. ஒரே சீரான வண்ணப்பரப்புக்கு அது போதும். ஒரே கட்டத்துக்குள் செங்காவிப் பின்னணி, மஞ்சள் எழுத்து, கறுப்பு நிழல் என மூன்று நிறங்கள் வந்தால் ஒன்று மற்றொன்றில் கரைந்துதான் ஆக வேண்டும். எழுத்துக்கு நிழல் ஓரம் கொடுக்காமல் இரு நிறங்களோடு நிறுத்துங்கள். இயன்றால் எழுத்துகளை மட்டும் சுருக்காத ஒரு சிறு படத்தில் தனியே வையுங்கள்.

எழுத்துருவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறோம். பழைய பெட்டிகளின் ஊர்ப்பலகைகள் கையால் எழுதப்பட்டவை. அவற்றின் மேல் கணினியின் ‘லதா’ எழுத்துருவைப் போட்டால் அலுவலக அறிவிப்புப் பலகை போலத்தான் இருக்கும். புகைப்படத்தை அடியில் வைத்து எழுத்துகளை வரைந்துகொள்வதே மேல். சில பழைய ஓவிய மென்பொருள்களில் தமிழில் தட்டச்சு செய்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அப்படியானால் வேறு மென்பொருளில் எழுதிப் படமாக்கிக் கொண்டுவந்து ஒட்டுங்கள்.

கேள்வி: ஐ.சி.எஃப் பெட்டியின் வடிவத்தை நீட்டி, எல்.எச்.பி வண்ணத்தைப் பூசினால் போதாதா? (சேலம்)

போதாது. ஐ.சி.எஃப்புக்குப் பின் வந்த புதிய வகையான எல்.எச்.பி பெட்டியின் உடல் நீளம் 23.54 மீட்டர், ஆனால் போகி மையங்களுக்கு இடையே 14.9 மீட்டர்தான். அதாவது நீளம் இரண்டு மீட்டருக்கு மேல் கூடியிருந்தும் போகிகள் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கின்றன. கூடுதல் நீளம் முழுவதும் முனைகளில் தொங்குகிறது. ஐ.சி.எஃப்பில் போகி மையத்துக்கு அப்பால் 3.28 மீட்டர் நீண்டிருந்தால் எல்.எச்.பியில் 4.32 மீட்டர் நீண்டிருக்கும். மொத்தமாக நீட்டினால் போகிகளும் விலகி, ஜன்னல்களும் அகன்று, இரண்டுமல்லாத ஒன்று கிடைக்கும். போகியின் சட்டமும் வேறு. பழைய ஐ.சி.எஃப்பின் பக்க பஃபர்களும் ஸ்க்ரூ கப்ளிங்கும் (பெட்டிகளை இணைக்கும் திருகு இணைப்பு) எல்.எச்.பியில் இல்லை.

கேள்வி: நான் செய்த பெட்டியின் சக்கரங்கள் தண்டவாளத்துக்கு வெளியே நிற்கின்றன. வண்டி ஓடும்போது சக்கரம் வழுக்குவது போலவும் தெரிகிறது. இரண்டு பெட்டிகளுக்கு இடையே ஓர் ஆள் நுழையும் அளவு இடைவெளி வேறு. (பயிற்சிப் பொறியாளர், கோயம்புத்தூர்)

தண்டவாளத்துக்கு வெளியே நிற்பது உங்கள் தவறாக இல்லாமல் இருக்கலாம். இந்திய அகலப்பாதை 1676 மில்லிமீட்டர், இந்த விளையாட்டோடு வரும் தண்டவாளங்கள் 1435 மில்லிமீட்டர். சரியாக அளந்து செய்த இந்தியப் பெட்டியை அவற்றின் மேல் நிறுத்தினால் ஒவ்வொரு பக்கமும் 12 சென்டிமீட்டர் வெளியே தள்ளித்தான் நிற்கும். அகலப்பாதைத் தண்டவாளம் பொருத்திய வழித்தடம் ஒன்றில் வைத்துப் பாருங்கள். பழைய மாடல்கள் சிலவற்றில் தண்டவாளத்துக்கு ஏற்றபடி சக்கரங்களை உள்ளே இழுத்துவைத்திருப்பார்கள். அந்த வழியில் போகாதீர்கள், பின்னால் எல்லாவற்றையும் திருத்த வேண்டிவரும். வேகன் கோப்பில் பாதையின் அகலத்தைக் குறிப்பதற்கு ஓப்பன் ரெயில்ஸ் ஒரு வரியைத் தந்திருக்கிறது. அதை எழுதாவிட்டால் மென்பொருள் 1435 என்றே எடுத்துக்கொள்ளும்.

சக்கரம் வழுக்குவதற்குக் காரணம் வேகன் கோப்பில் உள்ள சக்கர ஆர எண். சக்கரம் எத்தனை வேகமாகச் சுழல வேண்டும் என்பதை மென்பொருள் படத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை, இந்த எண்ணைப் பார்த்தே முடிவு செய்கிறது. பெட்டிக்கு அது 0.4575 மீட்டர். எஞ்சின் கோப்பிலிருந்து படியெடுத்தவர்கள் அங்கிருந்த 0.546ஐ மாற்ற மறந்துவிடுவார்கள். அப்போது சக்கரம் சுழல வேண்டியதைவிட 16 விழுக்காடு மெதுவாகச் சுழலும். அச்சின் நடுப்புள்ளியிலேயே சக்கரத்தின் சுழல்மையம் இருக்கிறதா என்றும் பிளெண்டரில் பாருங்கள். அரை சென்டிமீட்டர் விலகியிருந்தாலும் சக்கரம் குதித்துக் குதித்து ஓடும்.

பெட்டிகளுக்கு இடைப்பட்ட தூரத்தையும் மென்பொருள் உருவத்திலிருந்து அறிவதில்லை. அளவு என்ற வரியில் மூன்றாவதாக உள்ள நீளத்தைத்தான் அது நம்புகிறது. பஃபர் முனையிலிருந்து பஃபர் முனைவரை உள்ள 22.297ஐ அங்கே எழுதுங்கள். திருத்திய பிறகு கோப்பைச் சேமிக்கும்போது அது முன்பிருந்த யூனிகோட் வடிவிலேயே இருக்கட்டும். பழைய மைக்ரோசாஃப்ட் விளையாட்டில் குறியீட்டு முறை மாறிய கோப்பு வேலை செய்யாது.

கேள்வி: ஸ்லீப்பர் பெட்டியின் ஜன்னல் கம்பிகள் தூரத்தில் மறைந்துபோகின்றன. சில கோணங்களில் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள இருக்கைகளும் மறைகின்றன. (திருச்சி)

கம்பிகளைப் பக்கப் படத்திலேயே வரைந்திருப்பீர்கள். தொலைவு கூடக்கூட மென்பொருள் சிறிதாக்கிய படத்தை எடுத்துக்கொள்ளும். மெல்லிய கம்பி அப்போது அரை பிக்சல், கால் பிக்சல் என்று தேய்ந்து காணாமல் போய்விடும். கம்பிக்கென 256 பிக்சல் படம் ஒன்றைத் தனியே செய்து, எல்லா ஜன்னல்களிலும் அதையே ஒட்டுங்கள். ஒரு ஜன்னலுக்கு 256 பிக்சல் முழுமையாகக் கிடைப்பதால் கம்பிகள் உறுதியாக நிற்கும். சிறிதாக்கிய படிகளில் கம்பியைக் கொஞ்சம் தடிப்பாகக் கையாலேயே வரைந்து வைப்பவர்களும் உண்டு. பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரியாது.

இருக்கைகள் மறைவது வரிசைச் சிக்கல். ஒளி ஊடுருவும் பரப்புகளை மென்பொருள் கடைசியில் வரைகிறது. இருக்கையும் கண்ணாடியும் ஆல்ஃபா (ஒளி எவ்வளவு ஊடுருவும் என்ற தகவல்) கொண்ட ஒரே டெக்ஸ்ச்சரில் இருந்தால் இரண்டில் எதை முதலில் வரைவது என்று அதற்குத் தெரியாது. இருக்கைகளை ஆல்ஃபா இல்லாத படத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: இலங்கைப் புகையிரதத்தின் எம்2 எஞ்சினைச் செய்ய விரும்புகிறேன். இந்திய டபிள்யூ.டி.எம்-2 மாடலை மாற்றிப் பயன்படுத்த முடியுமா? (யாழ்ப்பாணம்)

பாதையின் அகலம் இரு நாடுகளிலும் 1676 மில்லிமீட்டர் என்பதால் தண்டவாளத்தில் நிற்பதில் சிரமம் இராது. அதற்கு மேல் ஒற்றுமை இல்லை. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954இல் கனடாவிலிருந்து வந்து, கனடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி ஓடிய எம்2, ஜெனரல் மோட்டார்ஸின் ஜி12 வடிவமைப்பு. டபிள்யூ.டி.எம்-2 அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்து வடிவமைப்பு. நீங்கள் பார்க்க வேண்டியது போகியைத்தான். எம்2 போகியில் மூன்று அச்சுகள் இருந்தாலும் நடு அச்சுக்கு மோட்டார் இல்லை. டபிள்யூ.டி.எம்-2இல் ஆறு அச்சுகளும் இழுக்கும். அதன் போகிகளில் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரங்கள் சமமாகவும் இரா. எனவே அந்தப் போகியை எடுத்து எம்2 உடலின் கீழ் வைத்தால் விஷயம் தெரிந்தவர்கள் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

எஞ்சின் கோப்பிலும் இதை மறக்கக்கூடாது. டபிள்யூ.டி.எம்-2இன் 112.8 டன்னும் இழுவைச் சக்கரங்களின் மேல் நிற்கிறது. எம்2இன் எடையில் ஒரு பகுதி இழுக்காத அச்சுகளின் மேல் போய்விடுகிறது. இழுவைச் சக்கரங்களின் மேலுள்ள எடை என்ற வரியில் மொத்த எடையை எழுதிவிட்டால், மழைநாளில் ஏற்றத்தில் வழுக்க வேண்டிய எஞ்சின் சிரமமில்லாமல் ஏறிப் போய்விடும்.

கேள்வி: நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சினைச் செய்துகொண்டிருக்கிறேன். மேலும் கீழுமாக இரண்டு சிலிண்டர்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக அசைக்கலாமா? (குன்னூர்)

இந்த இதழுக்கு வந்தவற்றில் எங்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஒன்றாக அசைக்கக்கூடாது, ஏனென்றால் அவை இரண்டும் இருவேறு வேலைகளைச் செய்கின்றன. கீழ்ச் சிலிண்டர் உயரழுத்தச் சிலிண்டர், தண்டவாளத்தில் ஓடும், தண்டுகளால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட எட்டுச் சக்கரங்களை (இணைச் சக்கரங்கள்) அது இயக்குகிறது. மேல் சிலிண்டர் தாழ்வழுத்தச் சிலிண்டர், நடுவில் பதித்த பல்தண்டவாளத்தைக் கவ்வும் பல்சக்கரங்களை இயக்குகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை பல்தண்டவாளம் இல்லாததால் அங்கே கீழ்ச் சிலிண்டர் மட்டுமே வேலை செய்யும், மேல் சிலிண்டரின் தண்டுகள் அசையாமல் நிற்கும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை, கீழ்ச் சிலிண்டரிலிருந்து வெளியேறும் நீராவியே மேல் சிலிண்டருக்குப் போய் இரண்டாம் முறை வேலை செய்கிறது. மேல் தண்டுகளுக்கும் பல்சக்கரத்துக்கும் இடையே குறைப்புப் பற்சக்கரங்கள் இருப்பதால் அவை கீழ்த் தண்டுகளைவிட வேகமாக அசையும்.

மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டர் வகைக் கோப்பில், இணைச் சக்கரங்களும் அவற்றோடு அசையும் தண்டுகளும் ஒரு சுற்றுக்கு இத்தனை நிலைகள் என்று பதிவாகி, சக்கரச் சுழற்சியோடு கட்டப்பட்டிருக்கும். மேல் தண்டுகளையும் அதே சுற்றில் சேர்த்தால் அவை கல்லாறுக்கு முன்னாலும் ஆடும், சேர்க்காவிட்டால் மலையிலும் ஆடாது. இரண்டு வடிவக் கோப்புகளைச் செய்து, ஒன்றை மேட்டுப்பாளையம் முதல் கல்லாறு வரையிலான ஓட்டத்துக்கும் மற்றொன்றை மலை ஓட்டத்துக்கும் வைத்துக்கொள்வதே நேர்மையான வழி. குன்னூருக்கு மேல் வழக்கமான ரயில்களை டீசல் எஞ்சின்தான் இழுக்கிறது என்பதால் மூன்றாவது கோப்புக்குத் தேவை வராது.

இழுவிசையைப் பொறுத்தவரை, அந்தப் பழைய விளையாட்டில் பல்சக்கரத்துக்கென்று தனி ஏற்பாடு கிடையாது. ஏறத்தாழ 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் பாதையில் சாதாரண எஞ்சின் நகரவே நகராது. அதனால் மலை ஓட்டத்துக்கான எஞ்சின் கோப்பில் பிடிமான எண்ணை இயல்புக்கு மீறி உயர்த்தி வைப்பார்கள். செயற்கைதான் என்றாலும் வேறு வழியில்லை. இரண்டு கோப்புகள் வைத்துக்கொண்டால் இந்தச் செயற்கையும் மலைப்பகுதியோடு நின்றுவிடும்.

எஞ்சினை எப்போதும் வண்டியின் கீழ்முனையில் வையுங்கள். ஏறும்போது அது தள்ளுகிறது, இழுப்பதில்லை. பெட்டிகளின் முன்பால்கனியில் பிரேக்ஸ்மேன் நிற்கும் இடத்தையும் விட்டுவிடாதீர்கள். பொன்மலைப் பணிமனையில் எண்ணெய் எரிப்புக்கு மாற்றப்பட்ட எஞ்சின்களும் உண்டு என்பதால், நீங்கள் எந்த ஆண்டின் எந்த எஞ்சினைச் செய்கிறீர்கள் என்று முடிவு செய்துகொண்ட பிறகே நிலக்கரிப் பெட்டியைச் செய்யுங்கள்.

கேள்வி: 24 பெட்டிகள் கொண்ட வண்டியை நிலையத்தில் நிறுத்தினால் கணினி திணறுகிறது. (திருநெல்வேலி)

ஒவ்வொரு பெட்டிக்கும் வெவ்வேறு எண் வேண்டும் என்பதற்காக 24 தனித்தனி 2048 படங்களை வைத்திருக்கிறீர்கள். சுருக்காத படம் ஒன்று, சிறிதாக்கிய படிகளையும் சேர்த்து ஏறத்தாழ 21 மெகாபைட். 24 படங்களுக்கு 512 மெகாபைட் ஆகிவிடும். டி.எக்ஸ்.டி1 முறையில் சுருக்கினால் அதுவே 64 மெகாபைட்டுக்கு இறங்கும். அதையும்விட நல்லது, எல்லாப் பெட்டிகளுக்கும் உடல் படம் ஒன்றாகவும் எண்ணுக்கு மட்டும் ஒரு சிறு படம் தனியாகவும் இருப்பது.

நினைவகம் மட்டும் காரணமல்ல. உடல் ஒன்று, போகிகள் இரண்டு, சக்கர அச்சுகள் நான்கு என்று ஒரு பெட்டியில் அசையும் பகுதிகள் ஏழு. 24 பெட்டிகளுக்கு 168 முறை வரைய வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் மூன்று டெக்ஸ்ச்சர்கள் இருந்தால் அது மும்மடங்காகும். போகிகளையும் சக்கரங்களையும் ஒரே படத்தில் அடக்குங்கள். தொலைவுக்கான எளிய வடிவங்களையும் கட்டாயம் செய்யுங்கள். 500 மீட்டருக்கு அப்பால் சக்கரம் சுழல்வதை யாரும் பார்ப்பதில்லை.

கேள்வி: பிறர் செய்த மாடலுக்கு நான் பூசிய வண்ணத்தை மற்றவர்களுக்குக் கொடுக்கலாமா? (தஞ்சாவூர்)

மாடலோடு வந்த படிக்க வேண்டிய குறிப்புக் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இலவசம் என்பதும் அனுமதி என்பதும் ஒன்றல்ல. இலவச மாடல்களில் பல, பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்று சொல்லும். சில, வடிவக் கோப்பைச் சேர்க்காமல் டெக்ஸ்ச்சரை மட்டும் தரலாம் என்று சொல்லும். ஒன்றுமே சொல்லாதவற்றுக்குச் செய்தவரிடம் கேட்டுக்கொள்வதுதான் முறை. காசு கொடுத்து வாங்கிய மாடல் என்றால் வடிவக் கோப்பை எந்த நிலையிலும் கொடுக்காதீர்கள். நீங்கள் வரைந்த டெக்ஸ்ச்சரையும் திருத்திய வேகன் கோப்பையும் மட்டும், அதுவும் விற்பனையாளரின் நிபந்தனை இடம்கொடுத்தால், எந்த மாடலின் மேல் அவற்றை வைக்க வேண்டும் என்ற விளக்கத்தோடு கொடுங்கள். உங்கள் ஃபோல்டருக்கும் கோப்புக்கும் புதுப்பெயர் வைக்க வேண்டும். பழைய பெயரிலேயே கொடுத்தால் அதை நிறுவுகிறவரின் கணினியில் மூல மாடல் அழிந்துபோகும். டெக்ஸ்ச்சர் படங்களின் பெயரை மட்டும் மாற்றக்கூடாது, வடிவக் கோப்பு அவற்றை அந்தப் பெயரில்தான் தேடும்.